பி.டி. டீச்சர் பதில்கள்: கூலி வாங்கி ஆடிய ஜார்ஜ் ரைட்

சென்ற இதழில் ஒரு வாசகர், கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் உறவு உண்டா என்று கேட்டிருந்தார். பதிலின் கடைசியில், "அமெரிக்காவின் முதல் பெரிய பேஸ்பால் நட்சத்திரம் ஜார்ஜ் ரைட், ஒரு கிரிக்கெட்காரரின் மகன்" என்று ஒரு வரி எழுதினேன். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பத்தி முழுவதும் அவருக்கே. கபடிக் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: யார் இந்த ஜார்ஜ் ரைட்? கிரிக்கெட்காரர் மகன் பேஸ்பாலுக்கு எப்படிப் போனார்?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

ப: அப்பா சாமுவேல் ரைட், இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பிட்ச் பராமரிப்பது, உறுப்பினர்களுக்குப் பந்து வீசுவது, கற்றுக்கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மூத்த மகன் ஹாரி 1835-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். ஜார்ஜ் 1847 ஜனவரி 28 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயது வித்தியாசம். ஜார்ஜுக்கு நினைவு தெரியும்போதே அண்ணன் மட்டையும் கையுமாக நிற்கிறார்.

அந்தக் காலத்தில் நியூயார்க் பக்கத்து மைதானங்களில் இரண்டு ஆட்டமும் அருகருகே நடந்தன. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் ஹோபோக்கன் என்ற ஊரில் எலீசியன் ஃபீல்ட்ஸ் என்று ஒரு பெரிய மைதானம். அங்கே கிரிக்கெட்டும் உண்டு, பேஸ்பாலும் உண்டு. பையன் இரண்டையும் ஆடினான். 1865-இல் பிலடெல்ஃபியாவில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்கே சம்பள ஆட்டக்காரராகப் போனார். வயது 18. அதன் பிறகுதான் பேஸ்பால் அவரை முழுசாக இழுத்துக்கொண்டது.

கிரிக்கெட்டில் கற்ற கை அவருக்குக் கடைசி வரை உதவியது என்பது என் கருத்து. அன்று பேஸ்பாலில் கையுறை கிடையாது. மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்ச்சர் உட்பட எல்லோரும் வெறும் கையோடுதான் நின்றார்கள். விரல் பிசகாத ஆட்டக்காரரைப் பார்ப்பது அபூர்வம். தரையில் சீறி வரும் பந்தை வெறும் கையால் எடுக்கப் பழகினவனுக்கு அங்கே மதிப்பு தனி.

கே: டீச்சர், ஷார்ட்ஸ்டாப் என்கிறார்களே, அது எந்த இடம்? கிரிக்கெட் மட்டும் தெரிந்த எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
– தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

ப: தம்பி, ஒரு சதுரத்தை மூலையில் நிறுத்தி வைத்ததுபோல நினைத்துக்கொள். கீழ்மூலையில் மட்டையாளர். அங்கிருந்து வலப்பக்க மூலை முதல் பேஸ், மேல்மூலை இரண்டாவது, இடப்பக்கம் மூன்றாவது. ஒவ்வொரு பக்கமும் 90 அடி. முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு ஆளுக்கு ஒருவர் இருக்கிறார். நாலாவது ஆளுக்குப் பேஸ் எதுவும் இல்லை. அவர் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைப்பட்ட வெளியைக் காக்கிறார். அவர்தான் ஷார்ட்ஸ்டாப்.

வலக்கை மட்டையாளர் இயல்பாக இழுத்து அடித்தால் பந்து போகிற இடம் அதுதான். ஆகவே பேஸ்களைச் சுற்றிய உள்வட்டத்தில் வேலை அதிகம் அங்கேதான். புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியின் டிக்கி பியர்ஸ் போன்றவர்கள் அந்த இடத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். ஜார்ஜ் ரைட் அதை இன்னொரு படி கொண்டுபோனார். மற்றவர்கள் பேஸ் கோட்டை ஒட்டி நின்றபோது அவர் பல அடி பின்னால் தள்ளி நின்றார். பின்னால் நின்றால் பந்தைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டு பக்கமும் ஓடிப் பிடிக்கிற பரப்பு கூடும். ஆனால் அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிகிற தூரமும் கூடும். எறிகிற கை வலுவாக இருந்தால்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். அவருக்கு இருந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் ஷார்ட்ஸ்டாப் நிற்பது அப்படிப் பின்னால் தள்ளித்தான்.

கே: பேஸ்பாலில் முதலில் சம்பளம் வாங்கியவர் இவர்தான் என்று சொல்லலாமா? பணத்துக்காக ஆடினார் என்றால் அதில் என்ன பெருமை?
– நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர்

ப: ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

முதலில் வாங்கியவர் அவர் இல்லை. அவருக்கு முன்னாலேயே பலர் வாங்கினார்கள், ஆனால் ஒளித்து வாங்கினார்கள். அன்றைய தேசிய பேஸ்பால் சங்கத்தின் விதிப்படி ஆட்டக்காரருக்குக் கூலி கொடுக்கக் கூடாது. ஆட்டம் கனவான்களின் பொழுதுபோக்கு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கிளப்புகளுக்கு ஜெயிக்கவும் வேண்டும். என்ன செய்தார்கள்? நல்ல ஆட்டக்காரனுக்கு எங்காவது ஒரு வேலை இருப்பதாகக் காகிதத்தில் எழுதினார்கள். 1867-இல் ஜார்ஜ் ரைட் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு ஆடினார். கிளப் பட்டியலில் அவர் ஓர் அரசு குமாஸ்தா. முகவரி, 238 பென்சில்வேனியா அவென்யூ. அந்த இலக்கத்தில் இருந்தது ஒரு பூங்கா. 20 வயதுப் பையனைப் பொய்யான வேலையிலும் பொய்யான முகவரியிலும் உட்கார வைத்தவர்கள் பெரிய மனிதர்கள்தான்.

இதை மாற்றியது சின்சினாட்டி. அண்ணன் ஹாரி 1860-களின் நடுவில் அந்த ஊருக்குப் போனதே ஒரு கிரிக்கெட் கிளப்பில் சம்பள வேலைக்கு. பிறகு அங்குள்ள பேஸ்பால் அணியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1869-இல் சங்கம் தொழில்முறை ஆட்டத்தை அனுமதித்தது. ஹாரி உடனே பத்துப் பேரையும் வெளிப்படையான சம்பளத்துக்கு அமர்த்தினார். மார்ச் நடுவிலிருந்து நவம்பர் நடுவு வரை எட்டு மாதம். பட்டியல் இன்றும் இருக்கிறது: ஜார்ஜ் ரைட் 1,400 டாலர், கேப்டன் ஹாரி 1,200, பந்து வீசும் பிட்ச்சர் ஏசா பிரெய்னார்ட் 1,100, மூன்றாவது பேஸ் ஃப்ரெட் வாட்டர்மேன் 1,000, ஐந்து பேருக்கு ஆளுக்கு 800, மாற்று ஆட்டக்காரர் டிக் ஹர்லிக்கு 600. மொத்தம் 9,300. அணிக்குத் தலைவன் அண்ணன், ஆனால் தம்பிக்குத்தான் கூலி அதிகம். பட்டியலைப் போட்டவரே ஹாரிதான். தம்பி எந்த மதிப்புக்கு உரியவன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதை எழுதி வைக்க அவர் கூச்சப்படவில்லை.

1,400 டாலர் என்பது அன்று ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஆண்டு வருமானத்தைவிட மிக அதிகம். அந்த ஆண்டு முழுக்க நாடு சுற்றி ஆடி, செலவெல்லாம் போகக் கிளப்பின் கையில் மிஞ்சியது 1 டாலர் 39 சென்ட் என்று கணக்கு. அதாவது வந்த பணம் ஆட்டக்காரர்களுக்கும் ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் போயிற்று.

நான் பி.டி. டீச்சராக இருந்தபோது பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போகப் பஸ் காசு கேட்டு நின்றிருக்கிறேன். "ஆடுறதுக்கெல்லாம் காசா?" என்று கேட்ட ஒரு பெரியவரின் முகம் எனக்கு மறக்கவில்லை. மேளம் வாசிப்பவருக்குக் கூலி உண்டு, கொத்தனாருக்குக் கூலி உண்டு. உடம்பை வருத்திப் பத்தாண்டு பழகி, பத்தாயிரம் பேரைக் களத்துக்கு இழுக்கிறவனுக்கு மட்டும் ஏன் கூடாது? நீங்கள் கேட்ட பெருமை எனக்கு அந்தச் சம்பளப் பட்டியலில்தான் தெரிகிறது. தன் பெயருக்கு நேரே ஒரு தொகை எழுதப்பட்டு, அதை ஊர் அறிய வாங்கி, அதற்கு உரிய வேலையைச் செய்து காட்டினார்.

கே: அந்த அணி ஓர் ஆண்டு முழுக்கத் தோற்கவே இல்லையாமே, உண்மையா?
– சேலத்திலிருந்து ஒரு பள்ளி மாணவன்

ப: உண்மை. 1869-இல் சங்க அணிகளோடு ஆடிய ஆட்டங்களில் 57 வெற்றி, தோல்வி இல்லை. நியூயார்க் மாநிலத்து ட்ராய் அணியோடு 17–17 என்று நின்ற ஒரு ஆட்டம் மட்டும் சண்டையில் முடிந்தது. அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் இரண்டு கரையையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. சிவப்புக் காலுறை மாட்டிய இந்த அணியினர் அதிலேறி சான் ஃபிரான்சிஸ்கோ வரை போய் ஆடினார்கள். வாஷிங்டனில் ஜனாதிபதி கிராண்டையும் பார்த்தார்கள். ஜார்ஜ் அந்தப் பருவத்தில் எடுத்தது 339 ரன், அதில் 49 ஹோம் ரன். அன்று பந்து வீச்சு கீழ்க்கை வீச்சு, 45 அடி தூரத்திலிருந்து. வேலிக்கு மேலே பறப்பது அபூர்வம். வெளியில் அடித்துவிட்டு நாலு பேஸையும் ஓடித்தான் முடிக்க வேண்டும். 49 முறை அப்படி ஓடியிருக்கிறார்.

கே: அப்படியானால் முதல் தோல்வி எப்போது? அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.
– அதே சேலத்து மாணவனின் அக்கா

ப: விடமாட்டேன் கண்ணு. நான் நேரில் பார்த்திருக்க ஆசைப்படும் ஒரே ஆட்டம் அதுதான்.

1870 ஜூன் 14, புரூக்ளினில் கேபிட்டோலின் மைதானம். எதிரணி அட்லாண்டிக்ஸ். அதுவரை சின்சினாட்டி தொடர்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோற்காமல் வந்திருந்தது. கூட்டம் ஆயிரக்கணக்கில். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, 5–5. சமன் என்று வைத்துக்கொண்டு அட்லாண்டிக்ஸ் கிளம்பத் தயார். ஹாரி ரைட் விடவில்லை. விதிப்படி முடிவு தெரியும் வரை ஆட வேண்டும் என்று நின்றார். ஆட்டம் தொடர்ந்தது.

பத்தாவது இன்னிங்ஸில் அட்லாண்டிக்ஸ் அடிக்கிறார்கள், இரண்டு பேர் பேஸில். ஒரு பந்து ஷார்ட்ஸ்டாப் பக்கம் உயரே எழும்பி, நேராக ஜார்ஜ் கையை நோக்கி இறங்குகிறது. சின்னப் பையன்கூடப் பிடித்துவிடுவான். பேஸில் நிற்பவர்கள் நகரவில்லை. பந்து பிடிபட்டால் அவர்கள் பழைய பேஸிலேயே இருக்க வேண்டும், ஓடிவிட்டால் அவுட். ஜார்ஜ் கையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பந்தைத் தரையில் விழ விட்டார். விழுந்த நொடியில் விதி தலைகீழாகிவிடும். இப்போது பேஸில் இருந்தவர்கள் ஓடியே ஆக வேண்டும், ஆனால் அவர்கள் காலில் வேகமே ஏறவில்லை. ஜார்ஜ் குனிந்து எடுத்து எறிந்தார். ஒரு அவுட்டுக்குப் பதில் இரண்டு அவுட். இன்னிங்ஸ் முடிந்தது.

இந்தத் தந்திரம் நேர்மையா என்று பல ஆண்டு வாதம் நடந்தது. 1890-களில் அதைத் தடுக்கவே ஒரு விதி வந்தது. அப்படிப்பட்ட நிலையில் பந்து எழும்பினாலே அம்பயர் கை தூக்கி அவுட் கொடுத்துவிடுவார். நம் பிள்ளைகள் சாஃப்ட்பாலில் ஆடுவதும் இதே விதியோடுதான். அன்று விதியில் தடை இல்லை, அவர் செய்தது தவறில்லை என்று நான் நினைக்கிறேன். அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, கைக்கு வந்த பந்தை விடலாம் என்று யோசிக்கிற நிதானம் யாருக்கு வரும்?

சரி, பதினோராவது இன்னிங்ஸ். சின்சினாட்டி இரண்டு ரன் எடுத்து 7–5 ஆக்கியது. ஜெயித்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். அட்லாண்டிக்ஸ் திரும்ப அடிக்க வந்தார்கள். ஜோ ஸ்டார்ட் அடித்த பந்து கூட்டத்துக்குள் புகுந்தது, ஒரு ரன் வந்தது, அவர் மூன்றாவது பேஸில் போய் நின்றார். பிறகு அவர்கள் கேப்டன் பாப் ஃபெர்குசன் வந்தார். வலக்கை ஆட்டக்காரர். அன்று அவர் அடிக்கும் இடத்தின் மறுபக்கம் போய் இடக்கையாக நின்றார். காரணம் ஒன்றுதான்: வலக்கையாக அடித்தால் பந்து ஜார்ஜ் ரைட்டிடம் போகும். அவர் பக்கம் போகவே கூடாது என்று, பழக்கமில்லாத கையால் அடித்தார். அடி விழுந்தது, 7–7. அடுத்த பந்தில் முதல் பேஸில் நின்ற சார்லி கூல்ட் தடுமாறி, பதற்றத்தில் எறிந்த பந்து தப்பிப்போனது. ஃபெர்குசன் ஓடி வந்து சேர்ந்தார், 8–7. அணியிலேயே சின்சினாட்டியில் பிறந்த ஒரே ஆள் கூல்ட்தான்.

எதிரணித் தலைவன் தன் கையையே மாற்றிக்கொள்கிற அளவுக்கு ஒருவரைப் பார்த்துப் பயந்தான் என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தப் புள்ளிவிவரத்திலும் கிடைக்காது.

கே: அதன் பிறகு?
– கோவையிலிருந்து ஒரு வாசகி

ப: அந்த ஆண்டு முடிவில் சின்சினாட்டி சம்பள அணியைக் கலைத்தது. ஹாரி சிலரையும் 'ரெட் ஸ்டாக்கிங்ஸ்' (சிவப்புக் காலுறை) என்ற அணிப் பெயரையும் எடுத்துக்கொண்டு பாஸ்டனுக்குப் போனார். ஜார்ஜும் கூடப் போனார். 1871-இல் ஆட்டத்தின் நடுவே மோதிக் கால் முறிந்து, பாதிப் பருவம் ஆட முடியவில்லை. பாஸ்டனுக்கு அந்த ஆண்டு பட்டம் கிடைக்கவில்லை. அவர் எழுந்து வந்தபின் 1872 முதல் 1875 வரை நான்கு ஆண்டும் பாஸ்டன்தான். கடைசி ஆண்டில் 71 வெற்றி, 8 தோல்வி. 1876 ஏப்ரல் 22 அன்று நேஷனல் லீக் என்ற புதிய தொழில்முறைப் போட்டித் தொடரின் முதல் ஆட்டம் பிலடெல்ஃபியாவில் நடந்தபோது, முதலில் மட்டை பிடித்தவர் ஜார்ஜ் ரைட். தரையோடு அடித்து அவுட் ஆனார், ஆனால் பாஸ்டன் 6–5 என்று ஜெயித்தது. 1877, 1878 இரண்டிலும் லீக் பட்டம்.

கே: அண்ணனும் தம்பியும் எதிரெதிராக ஆடியதாகப் படித்தேன். சண்டையா?
– தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்

ப: சண்டை இல்லை. 1879-இல் பிராவிடன்ஸ் நகர அணி ஜார்ஜைத் தலைவராகவும் மேலாளராகவும் அழைத்தது. போனார். அந்த ஒரே ஆண்டு மேலாளராக இருந்தார், பட்டத்தையும் வென்றார். இரண்டாவது இடம் அண்ணனின் பாஸ்டன். ஒரே ஒரு பருவம் மேலாளராக இருந்து, அதில் பட்டமும் வென்றுவிட்டு நின்றுகொண்டவர் வேறு யாரையும் எனக்கு நினைவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு வயிறெரிகிற பகுதி. அந்த இலையுதிர் காலத்தில் லீக் முதலாளிகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு கிளப்பும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம், மற்றக் கிளப்புகள் அவர்களைத் தொடக் கூடாது. ஆட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூலி ஏறாமல் இருப்பதற்கான வழி அது. ஜார்ஜுக்குப் பாஸ்டனில் கடை, குடும்பம் எல்லாம் இருந்தது, அங்கே திரும்ப விரும்பினார். பிராவிடன்ஸ் அவரை ஒதுக்கி வைத்துக்கொண்டது. 33 வயதில், ஆட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனார். நடுவில் சில ஆட்டங்கள், 1882-இல் அண்ணன் பிராவிடன்ஸை நடத்தியபோது ஒரு பருவம், அவ்வளவுதான். பத்தாண்டுக்கு முன் தன் கூலியை வெளிப்படையாகப் பேசி வாங்கியவர், பேசுகிற உரிமை பறிபோனதும் விலகிக்கொண்டார். அந்த ஒதுக்கீட்டு முறை அமெரிக்காவில் 1970-களின் நடுவரை நீடித்தது.

கே: அப்போது கறுப்பின ஆட்டக்காரர்கள் இல்லையா? தோற்காத அணி என்கிறீர்கள், எல்லோரோடும் ஆடினார்களா?
– சென்னையிலிருந்து ஒரு ஆய்வு மாணவி

ப: சரியான கேள்வி. இல்லை, எல்லோரோடும் ஆடவில்லை. 1867 டிசம்பரில் அதே தேசிய சங்கம், கறுப்பினத்தவர் இருக்கும் எந்தக் கிளப்பையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. பிலடெல்ஃபியாவின் பிதியன் போன்ற நல்ல கறுப்பினக் கிளப்புகள் வெளியே நின்றன. அந்த 57 வெற்றியும் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு வீட்டுக்குள் கிடைத்தவை. அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: பட் ஃபவுலர். 1858-இல் பிறந்தவர். இயற்பெயர் ஜான் ஜாக்சன். சம்பளத்துக்கு ஆடியதாகத் தெரியவரும் முதல் கறுப்பின பேஸ்பால் ஆட்டக்காரர், பெரும்பாலும் இரண்டாவது பேஸ். 1878 ஏப்ரலில் ஒரு காட்சி ஆட்டத்தில், லீக் சாம்பியனான பாஸ்டனுக்கு எதிராக இருபது வயதில் பந்து வீசி 2–1 என்று ஜெயித்தார். அது ஜார்ஜ் ரைட்டின் அணிதான். அப்படி ஜெயித்தவருக்கு எந்தப் பெரிய லீகும் இடம் தரவில்லை. ஊர் ஊராக, அணி மாறி அணி மாறி ஆடி 1913-இல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2022-இல். ஜார்ஜ் ரைட்டுக்கு 1937-இல் கிடைத்தது. இடையில் 85 ஆண்டு.

கே: இவர் இலங்கைக்கு வந்தார் என்று என் தாத்தா சொல்வார். கதையா?
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

ப: கதையில்லை. பழைய ஆட்டக்காரரான ஆல்பர்ட் ஸ்பால்டிங், தன் விளையாட்டுச் சாமான் வியாபாரத்துக்காகவும் ஆட்டத்தைப் பரப்பவும், 1888 நவம்பரில் இரண்டு அணிகளோடு உலகப் பயணம் புறப்பட்டார். ஜார்ஜ் ரைட் கூடவே போனார், அம்பயராகவும், கிரிக்கெட் ஆட வேண்டிய இடங்களில் ஆட்டக்காரர்களுக்கு வழிகாட்டியாகவும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முடித்து, 1889 ஜனவரியில் கப்பல் கொழும்பில் நின்றபோது அங்கே ஓர் ஆட்டம் நடந்தது. அடுத்த மாதம் எகிப்தில் பிரமிடுகளின் அருகே ஆடினார்கள். இந்தியாவுக்கும் வருவதாக முதலில் பேச்சிருந்தது, அது கைவிடப்பட்டது. உங்கள் தாத்தா சொன்னது சரி.

அதற்கு முன்பும் 1874-இல் பாஸ்டன், பிலடெல்ஃபியா அணிகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே பேஸ்பாலைக் காட்டியதோடு கிரிக்கெட்டும் ஆடினார்கள். அமெரிக்கர்கள் 18 பேரை இறக்கி ஆடியதால் ஒன்றிலும் தோற்கவில்லை. ரைட் சகோதரர்களுக்கு மட்டும் அது அப்பா ஊரில், அப்பா ஆட்டம்.

கே: ஆட்டத்தை விட்டபின் எப்படிப் பிழைத்தார்?
– ஈரோட்டிலிருந்து ஒரு கடைக்காரர்

ப: உங்களைப்போலவே கடை வைத்துத்தான். பாஸ்டனில் ரைட் அண்ட் டிட்சன் என்ற விளையாட்டுச் சாமான் கடை, கூட்டாளி ஹென்றி டிட்சன். டென்னிஸ் மட்டையும் பந்தும் அவர்கள் பெயரில் நாடு முழுக்க விற்றன. 1890 டிசம்பரில் பாஸ்டனின் ஃபிராங்க்ளின் பூங்காவில் அனுமதி வாங்கி, குளிரில் கோல்ஃப் ஆடிக் காட்டினார். அந்த ஊருக்கு அது புதிது. இன்று பாஸ்டனில் அவர் பெயரிலேயே ஒரு பொதுக் கோல்ஃப் மைதானம் இருக்கிறது.

மகன்கள் பீல்ஸ், இர்விங் இருவரும் டென்னிஸ்காரர்கள். பீல்ஸ் 1904 ஒலிம்பிக்கில் தங்கம், 1905-இல் அமெரிக்க ஒற்றையர் பட்டம். இந்த டென்னிஸ் விஷயத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1899-இல் ஜார்ஜ் ரைட், தன் மகனையும் டுவைட் டேவிஸ் உள்ளிட்ட மூன்று இளைஞர்களையும் கலிஃபோர்னியா வரை ஆட அழைத்துப் போனார். ஊர்களுக்கு இடையே இப்படி ஆடினால் இத்தனை ஆர்வம் வருகிறதே, நாடுகளுக்கு இடையே ஆடினால் என்ன என்ற எண்ணம் டேவிஸுக்கு அந்தப் பயணத்தில் வலுத்தது. மறு ஆண்டு டேவிஸ் கோப்பை பிறந்தது. 1966-இல் ராமநாதன் கிருஷ்ணன் இந்தியாவை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனது அந்தக் கோப்பையில்தான். 1974-இல் அமிர்தராஜ் சகோதரர்கள் இறுதிக்கு வந்து, நிறவெறி அரசின் தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியதும் அதில்தான்.

ஜார்ஜ் 1937 ஆகஸ்ட் 21 அன்று, 90 வயதில், பாஸ்டனில் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் தேர்வு அதே ஆண்டு கடைசியில் வந்தது. அண்ணன் ஹாரிக்கு அது 1953-இல்தான்.

கே: டீச்சர், என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி சாஃப்ட்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். பந்து அடிக்கடி காலுக்கு நடுவே போய்விடுகிறது. என்ன செய்யச் சொல்லட்டும்?
– திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா

ப: அம்மா, முதலில் அவள் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் பயத்தில் பேஸ் கோட்டுக்கு முன்னால் வந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று எட்டு பின்னால் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து முதல் பேஸுக்கு எறி எட்டவில்லை என்றால் ஓர் எட்டு முன்னே வரட்டும். அவள் கை எவ்வளவு தூரம் எறியுமோ அதுதான் அவள் நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லும்.

காலுக்கு நடுவே போவதற்குக் காரணம், கையுறையை உயரத்தில் வைத்துக்கொண்டு கடைசி நொடியில் இறக்குவது. பந்து வரும்முன்பே கையுறை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கீழிருந்து மேலே தூக்குவது எளிது, மேலிருந்து கீழே இறக்குவது தாமதம். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கட்டும், முதுகை மட்டும் வளைத்தால் போதாது. பந்து கையில் படும்போது கையை வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போது பந்து தெறிக்காது.

வீட்டில் பயிற்சிக்குக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ரப்பர் பந்தைச் சுவரில் எறிந்து, திரும்பி வருவதை இரண்டு வெறும் கையால் எடுக்கட்டும். நான் எல்லா ஷார்ட்ஸ்டாப் பிள்ளைகளுக்கும் முதல் மாதம் கொடுத்தது இதுதான். முதல் வாரம் மெதுவாக, அப்புறம் சுவருக்கு நெருங்கி. ரப்பர் பந்து போதும், சாஃப்ட்பாலை வெறும் கையால் பிடிக்க விடாதீர்கள், விரல் பிசகும். ஒரு மாதம் கழித்து எப்படி ஆடுகிறாள் என்று எழுதுங்கள்.